ரக்கோந்தர்: எண்ணிச் சொல்பவர்

நடந்ததைச் சுவைபட எடுத்துச் சொல்லத் தெரிந்தவரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ரக்கோந்தர்’ என்பார்கள். ‘ரக்கோந்தே’ என்றால் விவரித்துச் சொல்லுதல். அதிலிருந்து பிறந்த ஆள்பெயர் இது. கதை எழுதுபவருக்கும், சபையில் நாட்டார் கதை நிகழ்த்துபவருக்கும் ‘கோந்தர்’ என்று இன்னொரு பெயர் இருக்கிறது. ரக்கோந்தருக்கு மேடையும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தான் கண்டதையும் கேட்டதையும் சொல்லத் தொடங்கினால் எழுந்து போக நினைத்தவரும் உட்கார்ந்துவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலம் இந்தச் சொல்லை உருமாற்றாமல் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் அது முழுப் பாராட்டு. பிரெஞ்சிலோ அந்த வினைச்சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. ‘சொல்லு, சொல்லு’ என்று குழந்தை தாத்தாவை நச்சரிக்கவும் அதே வினைதான். ‘கதை விடாதே’ என்று ஒருவரைக் கண்டிக்கவும் அதே வினைதான்.

இந்தச் சொல்லின் அடிமரம் எங்கே இருக்கிறது என்று தேடிப்போனால் கதையுலகத்தில் இல்லை, கணக்கறையில் இருக்கிறது. லத்தீனில் ‘கொம்புத்தாரே’ என்றால் கணக்கிடுதல். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து ‘கோந்தே’ ஆயிற்று. ஒரே உச்சரிப்பில் எண்ணுவதற்கும் அதுவே, கதை சொல்வதற்கும் அதுவே. இடைக்காலத்தில் எழுதுபவர்கள் இரண்டையும் பிரித்துக் காட்ட நினைத்தார்கள். எண்ணுவதற்கு லத்தீன் எழுத்துகளைத் திரும்பச் சேர்த்து ஓர் எழுத்துக்கூட்டல் வைத்தார்கள். சொல்வதற்குப் பழைய எளிய வடிவத்தை விட்டுவைத்தார்கள். கண்ணுக்கு இரண்டு சொல், காதுக்கு இன்றும் ஒன்றுதான். முன்னால் ‘திரும்பவும்’ என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்து ‘ரக்கோந்தே’ பிறந்தது. அதாவது ஒன்றிலிருந்து தொடங்கி மறுபடி எண்ணிக்காட்டுதல்.

நாம் அன்றாடம் தொட்டுப் புழங்கும் கம்ப்யூட்டரும் அதே லத்தீன் வேரில் முளைத்ததுதான். கதை சொல்பவரும் கணினியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஜெர்மானியருக்குத் ‘த்ஸேலன்’ எண்ணுதல், ‘எர்த்ஸேலன்’ கதை சொல்லுதல். இத்தாலியருக்குக் ‘கொந்தாரே’ எண்ணுதல், ‘ரக்கொந்தாரே’ விவரித்தல். ஆங்கிலத்தில் வங்கியில் பணம் எண்ணித் தருபவருக்கு ‘டெல்லர்’ என்று பெயர். சொல்லுதல் என்று நாம் பள்ளியில் படித்த ‘டெல்’ என்ற வினைக்கு அங்கே எண்ணுதல் என்ற பழைய பொருள் ஒட்டியிருக்கிறது.

இத்தனை மொழிகளில் இது தற்செயலாக நடந்திருக்க முடியாது. எழுத்து பரவாத காலத்தில் எண்ணுவது என்றாலே வாய்விட்டுச் சொல்வதுதான். மந்தைக்குத் திரும்பும் ஆடுகளை ஒருவர் உரக்க எண்ண, இன்னொருவர் கேட்டு ஒப்புக்கொள்வார். வரிசை தப்பக்கூடாது, ஒன்றையும் விடக்கூடாது, கேட்பவர் சரி என்று சொல்ல வேண்டும். கதைக்கும் இந்த மூன்றும்தான் விதி. தமிழ்நாட்டுக் களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளந்தவர்கள் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொன்னதில்லை. ‘லாபம்’ என்று ராகம் போட்டு இழுத்து, பிறகு ‘ரெண்டு’ என்பார்கள். எண்ணிக்கையின் முதல் படியிலேயே வாழ்த்தும் நம்பிக்கையும் ஏறிக்கொள்கின்றன. வாய்விட்டு எண்ணுகிறவர் அரைக் கதைசொல்லி ஆகிவிடுகிறார்.

தமிழில் இந்த உறவு ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கவில்லை. மரபுத்தொடர்களில் பரவிக் கிடக்கிறது. ஒருவர் மிகைப்படுத்திப் பேசினால் ‘கதை அளக்கிறான்’ என்கிறோம். நெல்லை அளக்கும் வினையால்தான் பொய்க் கதையையும் அளக்கிறோம். ‘அவன் கதையை முடித்துவிட்டார்கள்’ என்றாலும் ‘அவன் கணக்கை முடித்துவிட்டார்கள்’ என்றாலும் ஒரே சேதிதான். சங்க இலக்கியம் பதினெண்மேற்கணக்கு. அடுத்து வந்த நூல்தொகுதி பதினெண்கீழ்க்கணக்கு. நூலுக்கே கணக்கு என்று பெயர் வைத்த மொழி இது. பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் கணக்காயர். நக்கீரரின் தந்தையை மதுரைக் கணக்காயனார் என்றுதான் ஏடுகள் குறிக்கின்றன. நாள்கோள் கணித்துச் சொன்னவர் கணியன். அந்தப் பெயரைத் தாங்கிய பூங்குன்றனாரைத் தமிழர் எவரும் மறக்க மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பிரெஞ்சுச் சொல்லுக்கு நெருங்கி நிற்பது ‘ஒப்புவித்தல்’. பள்ளிக்கூடத்தில் பிள்ளை பாடத்தை ஒப்பிக்கிறது. பண்டகசாலைப் பொறுப்பாளர் முதலாளியிடம் கணக்கை ஒப்புவிக்கிறார். முதலாவது மனத்தில் இருப்பதை வரிசை பிசகாமல் சொல்லிக்காட்டுவது. இரண்டாவது கையில் இருப்பதை வரிசை பிசகாமல் காட்டிக்கொடுப்பது. பிரெஞ்சிலும் நடந்ததை மேலிடத்துக்கு அறிவிப்பதைக் ‘கணக்குத் திருப்பித் தருதல்’ என்று சொல்லும் வழக்கு இருக்கிறது. கூட்ட அறிக்கைக்கும் அந்தத் தொடரிலிருந்தே பெயர் வந்தது. ஒப்புவிக்கிறவருக்கு எதிரே ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. ரக்கோந்தர் என்ற பெயருக்குள் எனக்குத் தெரியும் சாரமும் இதுதான். கதை சொல்பவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

மலேசியாவில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. செலாயாங்கில் பாசார் போரோங் என்னும் மொத்தச் சந்தையில் கேமரன் மலைக் காய்கறி இறங்கும் நேரத்தில் போய் நின்றால், இந்தச் சொல்வரலாறு காதில் விழும். ‘பிலாங் டுலு’ என்று ஒரு குரல்: முதலில் எண்ணு. கூடை எண்ணி முடிந்ததும் ‘பிலாங் சாமா தவுக்கே’ என்று இன்னொரு குரல்: போய் முதலாளியிடம் சொல். மலாயில் ‘பிலாங்’ என்றால் எண்ணுதல். பேச்சு மலாயில் அதுவே சொல்லுதல். எண்ணிக்கைக்குப் ‘பிலாங்ஙான்’, பேரும் புகழும் பெற்றவரைத் ‘தெர்பிலாங்’, எண்ணப்பட்டவர், என்பார்கள். பிரெஞ்சும் மலாயும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கிய கதையல்ல இது. பாரிஸில் ஒரு வேரில் நடந்தது இங்கே வேறொரு வேரில் தானாக நடந்திருக்கிறது.

கதை என்ற நம் சொல்லும் இங்கே ஒரு சுற்று வந்திருக்கிறது. வடமொழிக் ‘கதா’, ‘எப்படி’ என்று கேட்கும் ‘கதம்’ என்பதோடு தொடர்புடையது என்பர். எப்படி நடந்தது என்று கேட்டால் வரும் விடையே கதை. தமிழகத் தமிழில் அது கதையாக நின்றது. மலாயில் ‘காத்தா’ ஆகி, பேச்சு என்றும் சொல் என்றும் பொருள் கொண்டது; ‘பெர்காத்தா’ என்றால் சொன்னார். யாழ்ப்பாணத் தமிழில் ‘கதைத்தல்’ என்றால் பேசுதல். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணி, அதாவது எழுத்தர், வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தவர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் குடியேறியபோது அந்தச் சொல்லும் கூடவே வந்தது. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் திருவிழாவில் ‘பிறகு கதைப்பம்’ என்று ஒருவர் விடைபெறும்போது அவர் கதை சொல்வதாக வாக்குக் கொடுக்கவில்லை, பேசலாம் என்கிறார். மலாய்க்காரரின் காத்தாவும் யாழ்ப்பாணத்தாரின் கதையும் ஒரே பொருளில் வந்து சேர்ந்த நகரம் கோலாலம்பூர். கதைக்கு மலாயில் வழங்கும் ‘செரித்தா’வும் நமக்கு அந்நியமில்லை; நம் சரிதம்தான் அது.

மலாக்காவுக்குப் போனால் இந்த உறவு இன்னும் தெளிவாகும். 1511இல் அதைப் பிடித்த போர்ச்சுகீசியருக்குக் ‘கொந்தார்’ என்றால் எண்ணுதலும் சொல்லுதலும். 1641இல் வந்த டச்சுக்காரருக்குத் ‘தெல்லன்’ எண்ணுதல், ‘வெர்தெல்லன்’ கதை சொல்லுதல். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். மூன்று ஆட்சியாளர்களின் மொழியிலும் கணக்கும் கதையும் ஒரே அடுப்பில் வெந்தவை. அதே ஊரில், அதே துறைமுகத்தில், கணக்குக்கென்று வேறொரு மொழி இருந்தது. அது தமிழ்.

நான் சொல்வதற்குச் சாட்சி முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர். நவீன மலாய் உரைநடையின் முன்னோடி. ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த அரபியர் ஒருவர் அவருடைய முன்னோர். 1843இல் எழுதி முடித்து 1849இல் அச்சேறிய தன்வரலாறான ‘ஹிகாயத் அப்துல்லா’வில், சிறுவயதில் தகப்பனார் தன்னைத் தமிழ் படிக்க அனுப்பியதைப் பதிவு செய்திருக்கிறார். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், ஊர் முழுக்க இந்திய வணிகர் நிறைந்திருந்ததால் கணக்குப் பார்க்கவும் பேசவும் அது பயன்பட்டது என்றும் காரணம் சொல்கிறார். மலாக்காவின் வரவும் செலவும் தமிழில் எண்ணப்பட்டன.

கணக்குக்காகக் கற்ற அந்தத் தமிழை அப்துல்லா பிற்காலத்தில் கதைக்குப் பயன்படுத்தினார். தம்பி முத்து வீரபத்தர் என்ற தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் ஆக்கினார். 1835இல் முடிந்த அந்நூல் ‘ஹிகாயத் பஞ்ச தந்தரன்’. சிங்கமும் எருதும் நரியும் தமிழ் வழியாக மலாய் எழுத்துக்குள் புகுந்த பாதை இது. சுகசப்ததி என்னும் எழுபது கிளிக்கதைகளும் பாரசீகம் வழியாக ‘ஹிகாயத் பாயான் புடிமான்’ என்று மலாயில் வழங்குகின்றன. நம் கதைத் தொகுதிகள் எண்ணோடுதான் நடமாடியிருக்கின்றன: தந்திரம் ஐந்து, வேதாளம் சொன்னவை இருபத்தைந்து, விக்கிரமாதித்தன் சிம்மாசனத்துப் பதுமைகள் முப்பத்திரண்டு, கிளி சொன்னவை எழுபது. எண்ணிவைத்த கதை தொலையாது என்று முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

பிரெஞ்சுக்காரரோடு நேரடியாகப் பழகிய தமிழருக்குள்ளும் இப்படி ஒருவர் இருந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் அதில் உண்டு. கவர்னர் வீட்டுப் பேச்சு, போர்ச் செய்தி, ஊர் வம்பு எல்லாம் உண்டு. வணிகரின் கையும் கதைசொல்லியின் காதும் ஒரே ஆளுக்கு வாய்த்ததால் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி நமக்குக் கிடைத்தது. பிரெஞ்சு கவர்னர்கள் எழுதிய கடிதங்களில் இல்லாத தெருவும் சந்தையும் அவர் தமிழில் உயிரோடு இருக்கின்றன.

எழுதிவைத்ததால் பிள்ளையின் பெயர் தப்பியது. எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. பிள்ளை பிறந்த அதே 1709ஆம் ஆண்டில், பாரிஸில் ஹன்னா தியாப் என்ற அலெப்போ நகரத்து இளைஞர், அந்துவான் கலாந் என்ற அறிஞருக்குச் சில கதைகளைச் சொன்னார். அலாவுதீனின் விளக்கும் அலிபாபாவும் அவற்றுள் அடக்கம். கலாந் அவற்றைத் தம்முடைய ‘ஆயிரத்தோர் இரவுகள்’ பிரெஞ்சுப் பதிப்பில் சேர்த்தார். 1704 முதல் 1717 வரை வெளிவந்த அந்தப் பன்னிரண்டு தொகுதிகளில் சொன்னவர் பெயர் இல்லை. கலாந்தின் சொந்த நாட்குறிப்பில் மட்டும் இருந்தது. உலகமே அறிந்த இரண்டு கதைகளைச் சொன்ன உண்மையான ரக்கோந்தர், அச்சிட்ட கணக்கில் விடுபட்டுப் போனார். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த அவருடைய அரபுத் தன்வரலாறு அடையாளம் காணப்பட்ட பிறகுதான் அவர் முகம் துலங்கியது.

சிலாங்கூருக்கும் ஒரு பிரெஞ்சுக் கதைசொல்லி உண்டு. 1905இல் மலாயாவுக்கு வந்த ஆன்ரி ஃபோகொன்னியே, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் போட்டார். பத்தாங் பெர்ஜுந்தாய், இன்றைய பெஸ்தாரி ஜெயா, அருகே 1917இல் தென்னமரம் என்ற தோட்டத்தில் அவர் செம்பனை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். நாட்டின் மிகப் பெரிய பயிர்களில் ஒன்றுடைய வரலாற்றின் முதல் வரி தமிழ்ப் பெயரில் தொடங்குகிறது. ஃபோகொன்னியே பிறகு இந்த நாட்டைப் பற்றி ‘மலேஸி’ என்ற நாவலை எழுதினார். 1930இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோங்கூர் அதற்குக் கிடைத்தது. தமிழ்த் தொழிலாளர்களும் அதில் வருகிறார்கள், ஒரு தோட்ட முதலாளி கண்ட அளவில். மரம் எண்ணியவரே கதையும் சொன்னார்.

ரப்பர் மரங்களை வெட்டிப் பாலெடுத்தவர்களை எண்ணுவதற்கு வேறொரு ஏடு இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, கூட வேண்டும். கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பெயருக்கு நேரே ஒரு குறி விழுந்தால் அன்றைய கூலி உண்டு, இல்லையென்றால் இல்லை. இலங்கை மலையகத்தில் இதைப் ‘பேர் போடுதல்’ என்றார்கள். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஒருவருடைய பெயரே நாட்கூலியின் அளவை ஆகிவிட்டது. எங்கள் முன்னோர் எழுதத் தெரியாதவர்களாக இருந்தாலும் அவர்களைப் பற்றிய எழுத்துக்குக் குறைவில்லை. கப்பல் பதிவிலும் செக்ரோலிலும் கடைப் பற்றுச் சீட்டிலும் அவர்கள் எண்ணப்பட்டார்கள். அந்த ஏடுகள் எதிலும் அவர்கள் சொன்னது ஒரு வார்த்தைகூட இல்லை.

எண்ணவே படாத இடமும் ஒன்று உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில், அந்தப் பாதை வேலையில் மடிந்த கைதிப் படைவீரர்கள் ஏறத்தாழ 7,000 பேரின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கின்றன. அதே பாதையில் காலராவிலும் பட்டினியிலும் மடிந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி வரிசை இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. எத்தனை பேர் என்று ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் திரும்பி வந்தவர்களும் அவர்கள் சொன்னதைக் கேட்டவர்களும்தான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அப்படி உருவானவை. கணக்கெடுக்காமல் விட்டதைக் கதை எடுத்தது. ரக்கோந்தே என்ற வினையின் முழுப் பொருளை, மறுபடி எண்ணிக்காட்டுதல் என்ற பொருளை, நான் அந்த நாவல்களில் காண்கிறேன்.

தமிழில் ரக்கோந்தருக்கு என்ன பெயர் என்று கேட்டால் ‘கதைசொல்லி’ என்ற நல்ல பெயர் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகையை நடத்தியவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் 1923இல் பிறந்த கரிசல்காட்டு விவசாயி. பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்து, 2021இல் புதுச்சேரியிலேயே மறைந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நகரத்தில் தமிழின் மிகப் பெரிய ரக்கோந்தர் வாழ்ந்தார். நாட்டார் கதைகளைத் திரட்டியதோடு அவர் நிற்கவில்லை. கரிசல் வட்டார வழக்குச் சொற்களையும் அகராதியாகத் தொகுத்தார். சொற்களை ஒன்றொன்றாக எண்ணி வைக்கிற பொறுமைதான் அவர் கதைகளுக்கு அந்த நம்பகத்தைக் கொடுத்தது. எந்த மண்ணில் எந்த விதை, எந்த மாட்டுக்கு எந்தச் சுழி என்று அவருக்குத் தெரியும். விவரம் தெரிந்தவர் சொல்லும் கதையைக் கேட்பவர் ஒப்புக்கொள்கிறார்.

நம் வீடுகளில் சொல்லப்படும் தோட்டத்துக் கதைகளுக்கு இந்த விவரம் குறைந்துகொண்டே வருகிறது என்பது என் கவலை. ‘அந்தக் காலத்தில் கஷ்டப்பட்டோம்’ என்ற ஒரே வரியில் மூன்று தலைமுறை அடங்கிவிடுகிறது. கேட்கும் பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கோம்பாக் மாவட்டத்தின் அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைக்கு நிரை என்றால் என்ன, மங்கு என்றால் என்ன, ஒட்டுப்பால் ஏன் தனியாக நிறுக்கப்பட்டது என்பதெல்லாம் யாராவது சொன்னால்தான் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டது, விற்கப்பட்டது, வீடமைப்புப் பகுதி ஆனது. செக்ரோல்கள் பல போன இடம் தெரியவில்லை.

ஆகவே வீட்டுப் பெரியவரிடம் உட்காரும்போது பொதுவாகக் கேட்காமல் எண்ணிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், ரஜூலாவா, வேறொன்றா? கூட வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன? எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம்? ஒரு நிரைக்கு எத்தனை மரம்? பாட்டிக்கு என்ன சம்பளம், தாத்தாவுக்கு என்ன சம்பளம், இரண்டுக்கும் ஏன் வித்தியாசம்? சயாமுக்குப் போனவர் யார், திரும்பியவர் யார்? ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஓர் எண்ணாகவோ பெயராகவோ தொடங்கும். சொல்பவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார், கதை தானாக வரும். அதைப் பெயரோடும் ஆண்டோடும் அன்றைக்கே எழுதிவைத்துவிட வேண்டும். முதலாளியின் ஏட்டில் ஒரு குறியாக நின்றவர்களின் கணக்கை அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் ஒப்புவிக்க வேண்டும்.